மழமழவென்று தேய்த்த ஒட்டு

பதினான்கு வருடமாகச் சொல்கிறேன், இனியும் சொல்வேன். என்னைத் தேற வைத்து என் அக்காவைத் தோற்கடித்த அந்தத் தேர்வு ஒரு தேர்வே இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், அக்கா ஆறாம் வகுப்போடு. ஆனால் இரும்புத் தகடுகளைப் பற்றவைப்பதில் அவள் கைத்திறமையில் பாதிகூட எனக்கு வராது. கொதிகலன் செய்யும் எங்கள் பட்டறையில் அவளுக்குக் ‘கண்ணாடி’ என்று பெயர். வெல்டிங் முடிந்ததும் கிரைண்டரை எடுத்து மேட்டைத் தேய்த்து, ஒட்டுப் போட்ட இடமே தெரியாமல் ஆக்கிவிடுவாள்.

அந்த வருடம் புது உத்தரவு வந்தது. அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தின் சான்றிதழ் இல்லாதவர் கொதிகலனில் கை வைக்கக் கூடாதாம். அனுபவம் உள்ளவர்களுக்கு வகுப்பு வேண்டாம், தேர்வு மட்டும் போதும் என்றார்கள். பன்னிரண்டு பேர் போனோம். தேறியவர்கள் மூன்று பேர். மூன்றும் சோம்பேறிகள். ஒட்டைத் தேய்க்காமல் அப்படியே போட்டுவிட்டு டீ குடிக்கப் போனவர்கள். அதில் நானும் ஒருவன். பழக்கதோஷத்தில் அழகாகத் தேய்த்துக் கொடுத்த ஒன்பது பேரும் தோல்வி. தேய்த்தால் குறையை மறைத்ததாகக் கணக்காம். அந்த விதி, விண்ணப்பப் படிவத்தின் பதினோராம் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்தது. வாய் திறந்து ஒருவரும் சொல்லவில்லை.

“ஆறு மாசம் அடிப்படை வகுப்புல சேர்ந்துட்டு வாங்கம்மா” என்றார் மையத்தின் மேலாளர்.

“உங்க வகுப்பு வாத்தியாருக்கு என்ன வயசு சார்?”

“இருபத்தாறு.”

“நான் வெல்டிங் பிடிச்சு இருபத்தெட்டு வருஷம். அவரு பொறக்கறதுக்கு முன்னாடியே எனக்குக் கண்ணு எரிஞ்சாச்சு.”

“விதி விதிதாம்மா.”

“விதி தப்புன்னு நான் சொன்னேனா? சொல்லாம வச்சுக் கவுத்துட்டீங்களே, அதைத்தான் கேக்கறேன்.”

பட்டறையில் அவளை ஸ்டோருக்கு மாற்றினார்கள், போல்ட் எடுத்துக் கொடுக்க. மூன்று மாதத்துக்குள் சான்றிதழ் வராவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அக்கா வகுப்பில் சேரவில்லை. மையங்களுக்கு அங்கீகாரம் கொடுப்பது வெல்டர் கழகம். அங்கே போய் உட்கார்ந்துவிட்டாள். அவள் சொல்லச் சொல்ல மனுவை எழுதியது நான்தான், பிழையும் என்னுடையதுதான்.

“தேர்வுல நான் ஒட்டின தகட்டை அறுத்து வளைச்சுப் பாருங்க. விரிஞ்சா நானே போயிடறேன்.”

கழக அதிகாரி ஒட்டின் குறுக்கே பட்டையாக அறுத்து, லாடம் போல வளைத்தார். மயிரிழை விரிசல்கூட இல்லை. மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உங்களுக்கு மட்டும் மறுதேர்வு வைக்கலாம்மா.”

“மத்த எட்டு பேரு?”

“அவங்க மனு போடலையே.”

“அது ஒன்பது பேருக்கும் போட்ட மனு. எண்ணிக்கை இடிச்சா எங்க ஸ்டோருக்கு வாங்க, எண்ணக் கத்துத் தரேன்.”

நான் அவள் கையைக் கிள்ளினேன். “அக்கா, குடுக்கறத வாங்கிக்கோ. கெடு முடிய இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு.”

“உனக்கென்னடா, நீ தேறுன துரை. வாய மூடு.”

தனக்கு மட்டும் என்ற தேர்வை வாங்காமல் தினமும் கழகத்தில் போய் உட்கார்ந்தாள். கெடுவுக்கு நாலு நாள் முன்னால் ஒன்பது பேருக்கும் மறுதேர்வு வைத்தார்கள், விதியை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு. ஒன்பது பேரும் தேறினார்கள். இனி ஒவ்வொரு தேர்விலும் அப்படிப் படிக்க வேண்டும் என்று கழகம் உத்தரவும் போட்டது.

சில வருடம் படித்தார்கள். மேலாளர் மாறினார், படிப்பதும் நின்றது. அதற்குள் ஓய்வு பெற்றிருந்த அக்கா, தேர்வு நாள் தவறாமல் பஸ் ஏறிப் போய் மையத்தின் வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களிடம் விதியைச் சொல்லி அனுப்புவாள்.

“தேர்வுக்கு வந்தவங்க மட்டும்தாம்மா இங்க நிக்கலாம்” என்பான் காவலாளி.

“நான் ரெண்டு தடவை வந்தவ. தள்ளு.”

இருமல் நெஞ்சைப் பிடித்து, போன மாதம் படுக்கையில் விழுந்தாள். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கித்தான் பேசினாள்.

“வர்ற வியாழக்கிழமை தேர்வுடா. பழையபடி விதியப் படிச்சுக் காட்டச் சொல்லி கழகத்துக்கு இன்னொரு மனு எழுதிப் போடு. பதில் வர்ற வரைக்கும் நீ போய் வாசல்ல நில்லு. அந்தக் காவலாளி வெரட்டினாலும் நகராத.”