பச்சை பெல்ட்

புரோஸ்டேட் ஆபரேஷன் முடிந்து என் மாமனார் வடக்கே ஔந்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள். சிறுநீர்க் குழாயும் பையும் இன்னும் ஒரு வாரம் இருக்க வேண்டும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதைக் காலி செய்வது, அளவெழுதுவது எல்லாம் என் கணவர். மருமகள் முன்னால் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது கோயமுத்தூர்க்காரருக்கு.

அன்று கணவர் மகர்பட்டா ஆபீஸுக்குப் போய்விட்டார். பக்கத்துத் தாபோடியிலிருந்து எங்கள் ஊர்க்காரத் தம்பதி ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக உடம்பு விசாரிக்க வந்தார்கள். மாமனார் லுங்கியோடு வந்து உட்காருவாரா? வெள்ளை வேட்டி கட்டி, பச்சை பெல்ட்டை இறுக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். பை கண்ணில் படவில்லை. கேட்க எனக்கும் கூச்சம்.

ஒரு மணி நேரம் ஊர்க்கதை. அவர்கள் போனபின் அவரால் எழ முடியவில்லை. முகமெல்லாம் வேர்வை.

"அடிவயிறு வெடிக்குது அம்மிணி."

ஆஸ்பத்திரிக்கு போன் செய்து, வலி மாத்திரை தரட்டுமா என்றேன். "கோலி பாத் மே! பஹலே நலி தேக்கோ," என்று நர்ஸ் அதட்டினாள். மாத்திரை அப்புறம், முதலில் குழாய் எங்காவது அழுந்தியிருக்கிறதா பார் என்கிறாள்.

"மாமா, குழாயப் பாக்கோணுமாமுங்க."

"அதெல்லாம் சரியாத்தான் இருக்குது. அவன் வரட்டும்."

"அவரு வர ஒன்றரை மணி நேரமாகுமுங்க."

"நீ வெளிய போ அம்மிணி." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்தியது. "உசுரு போனாலும் பரவால்லீங்களா? நான் கண்ண மூடிக்கறனுங்க. தடவித்தான் பாக்கறேன்."

வேட்டியை இறுகப் பிடித்திருந்த கையை அவர் எடுத்தார். சோபா முன் மண்டியிட்டேன். குழாய் மேலே ஏறி, பெல்ட்டுக்குள் நசுங்கி, முதுகுப்பக்கம் போயிருந்தது. குஷனுக்குப் பின்னால் பை, காலியாக. விருந்தாளி கண்ணில் படக் கூடாதாம்! பெல்ட்டைக் கழற்றி, பையைச் சோபாக் காலருகே தாழப் பிடித்தேன். சில நொடிகள் ஒன்றுமில்லை. பிறகு சரசரவென்று இறங்கியது. பை சூடாகிக் கனத்தது.

நான் கண்ணை மூடியிருக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால், மூடியிருந்தது அவர். ஓரத்தில் நீர்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "எவ்வளவு வந்துச்சுன்னு நீயே பாத்து எழுதிக்க அம்மிணி. டாக்டர் கேப்பாரு."