கவின் யாரிடம் இருக்கிறான்?

காலை பத்து ஐம்பதுக்கு, கரும்பலகையில் எழுதி முடித்துத் திரும்பினேன். குழந்தை இல்லை.

இது நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்தப் பாடம் எடுக்க வரும் இளைய ஆசிரியைகளுக்குப் பயன்படும் என்று எழுதிவைக்கிறேன்.

ராயபுரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு மனையியல் எடுக்கிறேன். குழந்தை வளர்ச்சிப் பாடத்துக்குச் செய்முறை உண்டு. ஒரு குழந்தை எப்படி நடக்கிறது, எதைக் கேட்டு அழுகிறது என்று நேரில் பார்த்து எழுத வேண்டும். அன்று மாணவி செல்வி தன் அக்கா மகன் கவினைக் கூட்டி வந்திருந்தாள். இரண்டு வயது. அக்கா காசிமேட்டில் மீன் விற்கிறாள். மாமா, கவினின் அப்பா, விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தார்.

குழந்தையைக் கீழே விட்டுவிட்டுக் கவனியுங்கள் என்றேன். யாரும் விடவில்லை.

"தரை சில்லுனு கீது மிஸ். அதுக்கு சளி வேற" என்றாள் ஒருத்தி.

இவர்கள் தெருவில் குழந்தை இடுப்பு மாறி இடுப்பு வளரும். ஒருத்திக்குக் கை வலித்தால் அடுத்தவள் வாங்கிக்கொள்வாள். யாரிடம் இருக்கிறது என்று கேட்கும் வழக்கமில்லை. யாரிடமாவது இருக்கும்.

செல்வி மீனாவிடம் கொடுத்திருக்கிறாள். மீனா எழுத வேண்டுமென்று ரேவதியிடம். ரேவதி வகுப்பு வாசற்படியில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவள் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்திருக்கிறாள். பக்கத்தில் இருந்தவள் ரேவதி பார்த்துக்கொள்கிறாள் என்று. அன்றிலிருந்து என் வகுப்பில் குழந்தையை வாங்குகிறவள் "எங்கிட்ட கீது" என்று உரக்கச் சொல்ல வேண்டும். கண்டக்டர் மாதிரி கீது மிஸ் என்று முதலில் சிரித்தார்கள். ஆனால் சொல்கிறார்கள்.

அன்று படிக்கு எதிரே பின்கேட் திறந்து கிடந்தது. வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். இதே ரோட்டில் போகும் என் மகன் காலேஜ் போய்ச் சேர்ந்துவிட்டதாக மெசேஜ் அனுப்பும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது. அன்று ஒரு லாரி ஹாரன் அடித்தபோது கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். செல்விதான் ரோட்டுக்கு ஓடினாள்.

கழிவறை, சத்துணவுக்கூடம் எல்லாம் தேடினோம். தண்ணீர் சேமிக்கும் தரைத்தொட்டியின் மூடியை நானே தூக்கிப் பார்த்தேன். அந்தக் கனம் இன்னும் கையில் இருக்கிறது. மீன் ஏலச் சத்தத்தில் செல்வியின் அக்கா போனை எடுக்கவில்லை. தலைமையாசிரியை போலீசிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

அப்போது பின்கேட் வழியாக ஒருவர் வந்தார். லுங்கி, தலையில் சுற்றிய துண்டு, தோளில் கவின். கவின் கையில் பாதி தின்ற பன். செல்வி "மாமா" என்று கத்திக்கொண்டே போய் அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

படகு முன்கூட்டியே கரைக்கு வந்துவிட்டதாம். பிள்ளை ஸ்கூலில் என்று பக்கத்து வீட்டில் சொல்ல, நேரே இங்கு வந்து, படகைக் காட்டத் தூக்கிப் போயிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா என்று கேட்டேன்.

அவர் குழந்தையை இறக்கவில்லை.

"தப்புதான் டீச்சர். ஒவ்வொரு தபாவும் கடல்லேர்ந்து வந்து தூக்கினா, யாரோ எவனோன்னு வீல்னு கத்துவான். அவங்கம்மாகிட்ட ஓடிப்பூடுவான். இன்னிக்கு படில குந்திகினு இருந்தவன், என்ன பாத்து ரெண்டு கையயும் தூக்கினான். எனக்கு வேற ஒண்ணுமே தோணல டீச்சர்."