ஈரத்துண்டில் சுற்றிய ஹமூர்

ஓமானில், சோஹார் நகரத்தில் ஒரு பெரியவரை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் வேலை எனக்கு. பக்கவாதத்தில் அவருக்கு வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் பாதி போய்விட்டது. வீட்டில் எல்லோரும் பாபா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அந்தக் குளிர்காலத்தில் கடலுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மகன் ஒரு படகு பேசினார். டியூட்டி என்பதால் அவர்கள் இருவரோடு நானும் போனேன்.

படகோட்டி கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர். பாபாவின் நாற்காலியைக் கயிற்றால் கட்டிவிட்டுத் தூண்டிலை இடது கையில் கொடுத்தார். வெகுநேரம் ஒன்றும் படவில்லை. பிறகு ஒரு ஹமூர் மாட்டியது. நம் ஊரில் கலவா என்போமே, அதுதான். படகோட்டியும் பாபாவும் சேர்ந்து இழுத்தார்கள். நான் பாபாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

பாபா மீனைக் காட்டினார். பிறகு சுவரில் ஆணி அடிப்பதுபோல் கையை அசைத்தார். பாடம் செய்து வீட்டில் மாட்ட வேண்டுமாம். மகன் தலையாட்டினார்.

நான் அதற்குள் கத்தியை எடுத்திருந்தேன். கடற்கரையில் பிறந்தவளுக்கு மீன் என்றால் முதலில் குடல்தான்.

"கத்திய வை தங்கச்சி," என்றார் படகோட்டி. "குடலு எடுக்கப்பிடாது. செதிலும் உதிரப்பிடாது. முதல்ல போட்டோ எடு, கொஞ்ச நேரத்துல நெறம் போயிரும்."

எடுத்தேன். கடல்நீரை ஊற்றி வழுவழுப்பைக் கழுவினேன். துடுப்புகளை உடம்போடு மடக்கி, என் பையிலிருந்த, காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை நனைத்து மேலே வைத்தேன். பாபாவின் துண்டை ஈரமாக்கிச் சுற்றி, பிளாஸ்டிக் போட்டு, ஐஸ் பெட்டியில் வளையாமல் படுக்க வைத்தேன்.

"நல்லா பழகுன கையா இருக்கே."

"ஆஸ்பத்திரில செத்தவங்களச் சுத்திப் பழகுனது, அண்ணே."

அவர் ஐஸ் பெட்டியை மூடினார்.

பாடம் செய்யும் கடை துபாயில் இருந்தது. கொண்டுபோக ஆள் அமையும்வரை மீன் வீட்டு ஃப்ரீசரில் கிடந்தது. சாயங்காலமானால் பாபா சக்கர நாற்காலியை அங்கே தள்ளச் சொல்வார். திறப்பேன், அந்தப் பொட்டலத்தைப் பார்ப்பார், மூடுவேன்.

ஒரு மத்தியானம், சாப்பாடு கொடுக்கப் போனபோது அவர் இறந்திருந்தார். கண்களை மூடிவிட்டேன். மூத்திர டியூபை எடுத்தேன். மகனிடம் சொன்னேன். அதோடு என் வேலை முடிந்தது. குளிப்பாட்டவும் கஃபன் துணி சுற்றவும் வீட்டு ஆண்கள் வந்துவிட்டார்கள். மீனுக்குச் செய்ததில் பாதிகூட அவருக்கு நான் செய்யவில்லை என்று தோன்றியது. தோன்றியதே தவிர, அழுகை வரவில்லை. சமையல்காரி டீ கொடுத்தாள், குடித்தேன்.

துக்கத்துக்கு வந்தவர்கள் போனபின் மகன் ஃப்ரீசரைத் திறந்தார்.

"சிஸ்டர், இது கெட்டுப் போச்சா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"இல்ல சார்."

துபாய்க் கடையிலிருந்து வண்டி வரவழைத்தார். வந்தவன் துண்டின் ஓரத்தை விலக்கி வாலைப் பார்த்தான். பல மாதம் ஆகும் என்றான். மகன் சரி என்றார். பொட்டலத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

அதே வாரம் ஏஜென்சி என்னை வேறொரு வீட்டுக்கு அனுப்பியது. சர்க்கரை நோயால் காலில் புண் வந்த ஓர் அம்மா. காலையும் மாலையும் கட்டு மாற்ற வேண்டும். ஹமூர் திரும்பி வந்ததா, எந்தச் சுவரில் மாட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை. என்னிடம் யாரும் சொல்லவுமில்லை.