பிரிஸ்கில்லா போட்ட கையெழுத்து

பிரிஸ்கில்லா எங்கள் கோவில்பட்டி மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தது 1998 ஜூன் 8, திங்கட்கிழமை. ஐந்து ஆண்டுகளில் அவள் ஐந்தாவது ஆலோசகர். முன்னவர் நால்வரில் ஒருவரும் பதினான்கு மாதத்தைத் தாண்டவில்லை. வருகைப் பதிவேட்டை எழுதியவன் நான்.

எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். விபத்தில் கை கால் இழந்தவர்களோடு பேசி, செய்யக்கூடிய வேலைக்கு அவர்களைத் தயார்ப்படுத்துவது அவள் பணி. நூற்பு மில்லில் வலக்கை விரல்கள் நான்கை இழந்த கருத்தையா முதல் நாளே கேட்டார்:

"நாலு பேருகிட்ட கதையச் சொல்லியாச்சு டீச்சர். எழுதிக்கிட்டுப் போயிட்டாவ. நீங்க எப்பம் போறீய?"

"இப்பம்தான வந்தேன். உக்காரவாவது விடுங்க."

அவர் தன் கதையை அவளிடம் சொல்ல மூன்று வாரம் ஆயிற்று. இடக்கையால் எழுதப் பழக ஏழு மாதம். பிரிஸ்கில்லா ஆறு முறை அலைந்தபின், மில் மேனேஜர் வேலைக்காக அவரைப் பார்க்க ஒப்புக்கொண்டார்: 1999 ஜூலை 15, வியாழன், காலை பதினொன்று.

ஜூலை 9 அன்று பிரிஸ்கில்லாவுக்கு மதுரையில் ஒரு மருத்துவமனை வேலைக்கு உத்தரவு வந்தது. பதினான்காம் தேதிக்குள் சேர வேண்டும். போன் செய்து சில நாள் அவகாசம் கேட்டாள். "கேட்டுச் சொல்றோம்" என்றார்கள். திங்களும் செவ்வாயும் அதே பதில். டிபன் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

செவ்வாய் மாலை கருத்தையா வந்தார். "போறீயளாமே? போங்க டீச்சர், நல்ல வேலை. ஆனா மில்லுக்கு நான் தனியாப் போவ மாட்டேன்."

பதினான்காம் தேதி ஒன்பதேகாலுக்கு எங்கள் பதிவேட்டில்தான் கையெழுத்திட்டாள். மறுநாள் மில்லுக்குக் கோப்புடன் நானும் போனேன்.

மேனேஜர் கருத்தையாவின் எழுத்தைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"எடை போடுத எடத்துல வச்சுக்கிடலாம்மா. ஆனா ஒங்க மையத்துல ஆளே நிக்க மாட்டேங்காவளே? இவருக்கு ஒண்ணுன்னா நான் யாரைக் கேக்க? ஆறு மாசம் நீங்க இருப்பீயளா? இருப்பேன்னா எழுதிக் குடுங்க."

கருத்தையா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுதிக் கொடுத்தாள்.

மையத்துக்குத் திரும்பிய பின், மூன்று மணிக்கு மதுரையிலிருந்து போன். திங்கட்கிழமை வந்து சேரலாமாம்.

"இல்ல சார். இங்கன இருக்கேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

போனை வைத்தபிறகும் கையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

"அண்ணாச்சி, ஆறு மாசம்னா என்னைக்கி முடியுது?"

சுவர்க் காலண்டர் டிசம்பரோடு நின்றது. எண்ணிப் பார்த்துச் சொன்னேன்: "ஜனவரி பதினஞ்சு, சனிக்கிழமை."

"அதுக்குள்ள அவருக்கு வேலையை நிரந்தரமாக்கிரணும்" என்றாள்.