பத்தாம் தேதி என்று மூன்று மாதம் சொன்னவர்

தேனாம்பேட்டையில் ஒரு வாகனக் கடன் நிறுவனத்தில் வசூல் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தவணை கட்டாதவர் பேசத் தொடங்கியதும் போனை மியூட்டில் போட்டுவிட்டுப் பக்கத்து சீட்டோடு அரட்டை அடிப்போம். அரைக் காதில் விழுந்ததைக் கணினியில் பதிந்துவிடுவோம். நானும் அதைத்தான் செய்தேன்.

திருவான்மியூர் ஆட்டோ ஓட்டுநர் முருகேசன் ஐந்தாம் தேதித் தவணையை மூன்று மாதமாகத் தவறவிட்டிருந்தார். மறுநாள் ஆட்டோவைத் தூக்க ஆள் போவதாக இருந்தது. கடைசி எச்சரிக்கைக்காக அவரை அழைத்துப் பேசிவிட்டு, வழக்கம்போல மியூட்டை அழுத்தினேன்.

"லைன்ல கீறியா சார்? நான் பேச ஆரமிச்சாலே உன் பக்கம் ஃபேன் சத்தங்கூட நின்னுபூடுது."

கூசிப்போய் மியூட்டை எடுத்தேன். "இருக்கேன், சொல்லுங்க."

"ஸ்கூல் சவாரி துட்டு பத்தாம் தேதிதான் சார் வருது. நீ அஞ்சாம் தேதி எடுக்கற. பத்தாம் தேதி போட்டா பாதி அபராதத்துக்கே பூடுது. மூணு மாசமா இதத்தான் சொல்லிக்கினு கீறேன்."

பழைய பதிவுகளைத் திறந்தேன். மூன்றிலும் 'பத்தாம் தேதி' என்று நானே அடித்திருந்தேன். எதையும் தேதியோடு டைரியில் குறித்து வைப்பவன் என்பதால், அலுவலகத்தில் எல்லோரும் தேதி கேட்க என்னிடம்தான் வருவார்கள்; இந்தத் தேதி மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

மேலாளரிடம் அவற்றைக் காட்டி, "தப்பு என்னுது சார்" என்றேன். பறிமுதல் நின்றது. தவணை பன்னிரண்டாம் தேதிக்கு மாறியது.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி காலையில் முருகேசனே அழைத்தார். "கட்டிட்டேன் சார். சும்மா சொல்லலாம்னுதான்."

இத்தனை வருட வசூல் வேலையில், கடன் வாங்கிய ஒருவர் தானாக என்னை அழைத்தது அன்றுதான். டைரியில் நேரத்தோடு குறித்து வைத்திருக்கிறேன்.