கதவைப் பார்த்த நாற்காலி

என் வீட்டுக்காரர் ஒரு பெரிய அலுவலகத்தில் முப்பது வருடம் லிஃப்ட் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் எங்களைக் கப்பல் பயணத்துக்கு அனுப்ப மகள் ஆசைப்பட்டாள்.

"உள் அறையா, பால்கனி வச்ச அறையாப்பா?" என்று போனில் கேட்டாள்.

"உள்ளேயே போடும்மா. ஜன்னல் இல்லாத பெட்டியிலதான் எனக்கு மனசு நிக்கும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஊரையே மேல ஏத்தி விட்டீங்க. நீங்க ஒரு நாளாவது மொட்டைமாடியில இறங்கிப் பார்த்தீங்களா?"

"நான் இறங்கிட்டா, கீழே மணி அடிக்கிறவனுக்கு யாரு பதில் சொல்றது?" என்று சிரித்தார். ஆனாலும் போனை என்னிடம் நீட்டினார். நான் பால்கனி என்று சொல்லிவிட்டேன்.

கப்பலில் முதல் நாள் விடியும்போது படுக்கையில் அவரைக் காணோம். பால்கனியில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கடலுக்கு முதுகு காட்டி, அறைக் கதவையே பார்த்து உட்கார்ந்திருந்தார். பிடிவாதம் பிடித்தது தப்போ என்று எனக்குத் தோன்றியது.

"இங்க யாரும் ஏற வரமாட்டாங்க. கொஞ்சம் திரும்புங்க" என்றேன்.

திரும்பினார். கண் போகிற தூரமெல்லாம் தண்ணீர். அதன் விளிம்பிலிருந்து சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. மெல்ல எழுந்து செருப்பைக் கழற்றினார்.

"குலுங்காம ஏத்துறாங்களே, யாரு இது?" என்றார்.

நான் கை கூப்பினேன்.