விதை மூட்டையில் தொங்கிய அட்டை

பாகூர் ஏரிப் பாசனத்தில் நாங்கள் குத்தகைக்குப் பயிர் வைத்த நிலம் அது. எங்களுக்கென்று வேறு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. இந்தப் போகம் நன்றாக எடுத்துக் காட்டினால்தான் அடுத்த போகமும் உங்களுக்கு என்று நிலத்துக்காரர் நாற்று விடும்போதே கறாராகச் சொல்லியிருந்தார்.

கதிர் வந்தபோது எனக்குத் தலை சுற்றியது. ஒரே வயலில் ஒரு பயிர் பழுத்துச் சாய்ந்து நிற்கிறது, பக்கத்துப் பயிர் இப்போதுதான் பால் பிடிக்கிறது, இன்னொன்று நெடுநெடுவென்று வளர்ந்து பூவே விடவில்லை. அறுவடை மெஷின் ஒரு தடவைதானே இறங்கும்? இப்போது இறக்கினால் பாதி பச்சை. காத்திருந்தால் பழுத்தது கொட்டிப் போகும்.

விவசாய ஆபீசர் வந்து கதிரைப் பிடுங்கிப் பார்த்தார். “கலப்பு விதைம்மா. சாதா நெல்ல சான்று விதைன்னு தலையில கட்டிட்டாங்க. பில்லு இருக்கா? மூட்டை வாயில தச்சிருந்த சான்று அட்டை? அது ரெண்டும் இருந்தா கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கே போலாம்.”

பில்லாவது! விதை விற்ற உரக்கடைக்காரர் எங்கள் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர். அவரிடம் பில் கேட்டால் முகம் சுண்டிவிடுமே என்று இத்தனை வருஷம் கேட்டதே இல்லை. அட்டை? எங்கள் பக்கம் விதையைச் சாக்கோடுதான் ஊறப்போடுவோம். வாயைக் கொஞ்சம் பிரித்துவிட்டு, மூட்டையை அப்படியே மோட்டார் தொட்டியில் இறக்கிவிடுவோம். அட்டையும் கூடவே ஊறிக் கூழாகிவிட்டது. ஏமாந்ததற்கு இருந்த ஒரே சாட்சியை எங்கள் கையாலேயே கரைத்திருக்கிறோம், நல்ல புத்திசாலிகள்!

அன்றைக்கே ஒரு பிடி கதிரை அறுத்துக்கொண்டு போய்க் கடை மேசையில் போட்டேன்.

“அண்ணே, நீங்க குடுத்த வெதை இன்னா லட்சணத்துல வந்திருக்கு, பாருங்க.”

“இன்னாம்மா நீ! போன போகத்து நெல்லு கொட்டிக் கெடந்து மொளைச்சிருக்கும். இது எங்க கடை வெதைன்னு எங்கியாவது எழுதியிருக்கா?”

கடையில் நின்றவர்கள் உர மூட்டைகள் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்களுக்கும் நாளைக்கு யூரியா வேண்டுமே. “எங்க சோத்துல மண்ணப் போட்டியே, கொள்ளையில போறவனே!” என்று கத்தினேன். கூட வந்திருந்த என் வீட்டுக்காரர்தான் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

மறுநாள் நிலத்துக்காரர் வண்டியில் வந்து இறங்கினார். நடந்ததையெல்லாம் என் வீட்டுக்காரர் சொன்னார்.

“நானும் அதே கடையிலதான் வாங்குனேன். எனக்கு ஒரே சீரா வந்திருக்கே? வெதை மேல பழி போடாதப்பா.”

வாஸ்தவம்தான், அவர் வயல் பாய் விரித்த மாதிரி இருக்கிறது. அவருக்குக் கலப்பு மூட்டை கொடுக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? இதைச் சொன்னால் அவர் நம்பவா போகிறார்?

என் வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு, “தப்பு எம்மேலதாங்க. நாந்தான் சரியா பாக்கல. இன்னும் ஒரு போகம் மட்டும் குடுத்துப் பாருங்க” என்றார்.

ஐயோ, இல்லை என்று வாயெடுத்தேன். ஒருவேளை நிலத்துக்காரர் மனசு இறங்குவாரோ என்று அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

“அதான் நீயே ஒத்துக்கிட்டியே. வேற ஆளு பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.